குன்னூரில் ஓட்ட: பழைய கல்லார்டோவா, 911-ஆ?

குன்னூரில் வைத்து ஓட்ட எது செலவு குறைவு என்று கேட்டிருந்தீர்கள். போர்ஷே 911தான். நீங்கள் சொன்ன 2008 லம்போர்கினி கல்லார்டோ இ-கியருக்கும் 2010 போர்ஷே 911 பிடிகேவுக்கும் (இரண்டுமே கிளட்ச் மிதி இல்லாத கியர்பாக்ஸ்) பெரிய வித்தியாசம் ஆயில், ஃபில்டரில் இல்லை. கிளட்ச்சில்தான்.

இ-கியரில் இருப்பது ஒற்றை உலர் கிளட்ச். மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு தாண்டி, லாரிக்குப் பின்னால் கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்து ஏறும்போது அது பாதி பிடித்தபடியே தேயும். கருகிய வாடை வந்தால் எரிவது உங்கள் காசு. பிடிகேயின் இரட்டைக் கிளட்ச் எண்ணெயில் ஓடுவது. இந்த ஊர்தலை அதைவிட நன்றாகத் தாங்கும்.

எதை வாங்கினாலும், முன்பணம் கொடுக்கும் முன் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லார்டோ என்றால் கிளட்ச் தேய்மானம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017-இன் 32-ஆவது வாரம் செய்தது. "கம்மியா ஓடுன வண்டி சார்" என்பார்கள், டயர் கிழடாகியிருக்கும்.

ஒன்று, 911 மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். உதிரிபாக விலை போர்ஷே விலைதான். வழியில் நின்றுபோனால் இவ்வளவு தாழ்வான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதும் நல்லதில்லை. வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.