டிரெய்லரின் பின்சக்கர சென்சார் அடிக்கடி சிக்னல் இழப்பது ஏன்?

30 அடி டிரெய்லரில் டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் சென்சார்களில், பின் அச்சுச் சென்சார்கள் மட்டும் ஓட்டுநரின் திரையில் வந்து வந்து மறைகின்றன என்றால், உடனே புதிய சென்சார் வாங்காதீர்கள். முதலில் பின் சென்சாரையும் முன் சென்சாரையும் இடம் மாற்றிப் போட்டு, திரையில் மறுபடி பதிவு செய்யுங்கள். பழுது சென்சாரோடு முன்னே வந்தால் பேட்டரிதான் முதல் சந்தேகம். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் மூடி வகைச் சென்சார் பலவற்றில் சிஆர்1632 என்ற பொத்தான் பேட்டரி இருக்கும். மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

பழுது பின்னாலேயே நின்றால் தூரமும் நடுவில் உள்ள இரும்பும்தான் காரணம். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் 12 வோல்ட் ரிப்பீட்டர் ஒன்றை டிரெய்லரில் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

இதைவிட முக்கியம் காற்றுக் கசிவு. மூடி வகைச் சென்சார் வால்வின் ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தால் டயர் மெல்ல இறங்கும். திருகியதும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் வால்வு தண்டு இருந்தால் உலோகத் தண்டாக மாற்றுங்கள். சென்சாரின் எடை ஆடி ஆடி ரப்பரை அடியில் கிழித்துவிடும்.

திரை ஒப்பிட்டு எச்சரிக்க வேண்டிய அடிப்படை அழுத்தத்தை வண்டி ஓடாத காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பதியுங்கள். 65 பிஎஸ்ஐ வைத்தது ஓட்டத்தில் 75 காட்டுவது இயல்பு. அதைக் கண்டு சூட்டில் காற்றை இறக்கவே கூடாது.