அப்பாவுக்கு ஆன்டிபாடி மட்டும் போதாதா, கீமோவும் சேர வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. பயாப்ஸியில் ஃபாலிகுலர் லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்), மூன்றாம் நிலை என்று வந்திருக்கிறது. ரிட்டுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி, பெண்டாமஸ்டின் என்ற கீமோ இரண்டையும் சேர்த்து 28 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் 6 தடவை கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். கீமோ ஆளை உருக்கிவிடும், ஆன்டிபாடி மட்டும் போடுங்கள் என்கிறார் சித்தப்பா. ஆன்டிபாடிதான் செலவே, கீமோ மட்டும் போட்டால் என்ன என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: ரெண்டு பேரும் சொல்வதில் கொஞ்சம் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஆனால் உங்கள் அப்பாவுக்கு ரெண்டுமே பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இப்போதே ஆரம்பித்தாக வேண்டுமா? புற்றுநோய் என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பதா என்று வீட்டில் பதறுவார்கள், புரிகிறது. ஆனால் இந்த வகை மெதுவாக நகரும் நோய். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு முன்கூட்டியே கீமோ கொடுத்தால் ஆயுள் கூடுவதில்லை. கட்டி 7 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா, 3 சென்டிமீட்டருக்கு மேல் மூன்று இடங்களில் இருக்கிறதா, இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறதா, எடை இறங்குகிறதா, ரத்த அணுக்கள் குறைகிறதா, இதையெல்லாம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். எதுவுமே இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டிவிட்டு வருவதும் முறையான சிகிச்சைதான்.

சரி, ஆரம்பிக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீமோ, பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லைத்தான் முக்கியமாகத் தாக்கும். மெதுவாக வளரும் லிம்போமாவில் ஒரு நேரத்தில் பிரிந்துகொண்டிருப்பவை கொஞ்சம்தான், அதனால் தப்பிப்பவை நிறைய. ரிட்டுக்ஸிமாப் வேலை செய்யும் விதமே வேறு. இந்த நோய் கிளம்புவது பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில், அவற்றின் மேல் சிடி20 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஆன்டிபாடி அதில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதும் உடம்பின் எதிர்ப்புச் செல்களே வந்து அந்தச் செல்லை அழிக்கும். அது பிரிகிறதா தூங்குகிறதா என்ற கணக்கே கிடையாது. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தி செய்யும் மூல செல்களில் சிடி20 இல்லை, அதனால் புதிய பி செல்கள் அப்புறம் மெல்ல வந்துவிடும்.

தம்பியிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சிவிபி என்ற பழைய கீமோ மட்டும் வாங்கியவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்க சராசரியாக 15 மாதம், அதே கீமோவோடு ரிட்டுக்ஸிமாப் சேர்த்தவர்களுக்கு 32 மாதம். ஆன்டிபாடியை விட்டுவிட்டு மிச்சப்படுத்துவது நல்ல சிக்கனமில்லை. சித்தப்பா சொல்வதும் ஒரேயடியாகத் தப்பில்லை. கட்டியின் அளவு குறைவாக இருந்தாலோ, உடம்பு கீமோவைத் தாங்காது என்றாலோ, நாங்களே ஆன்டிபாடி மட்டும் கொடுப்பதுண்டு. கட்டி பெரிதாக, பல இடங்களில் இருந்தால் தனியாக அது போதாது.

பெண்டாமஸ்டினைப் பற்றி சித்தப்பா பயப்படுவது போல இல்லை. 1960களில் கிழக்கு ஜெர்மனியில் உருவான மருந்து, ரொம்ப காலம் பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கமே கிடந்தது. 2013இல் ஜெர்மன் டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில், ரிட்டுக்ஸிமாபோடு இதைச் சேர்த்தவர்கள் சராசரியாக 69.5 மாதம் நோய் முன்னேறாமல் இருந்தார்கள். அப்போது வழக்கத்திலிருந்த ஆர்-சாப் கூட்டில் (ரிட்டுக்ஸிமாபோடு சாப் என்ற பழைய கீமோ) அது 31.2 மாதம். தலைமுடியும் ஆர்-சாப்பில் கொட்டுவது போல இதில் கொட்டாது. ஆனால் தொற்று விஷயத்தில் இது பொல்லாதது, எதிர்ப்புச் செல்கள் மாதக்கணக்கில் குறைந்தே கிடக்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

முதல் நாள் டிரிப் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும். முதலில் பாராசிட்டமால், ஏவில் என்ற அலர்ஜி மருந்து, பல இடங்களில் ஸ்டீராய்டு. பிறகு மணிக்கு 50 மில்லிகிராம் என்று எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, அரை மணிக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். சிலருக்குத் திடீரென்று பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுங்கும். டிரிப்பை நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, அடங்கியதும் பாதி வேகத்தில் திரும்ப விடுவார்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். அடுத்த தடவையில் இந்தக் கூத்து குறையும். அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அன்று காலையில் போடலாமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள், டிரிப் ஓடும்போது அழுத்தம் இறங்கும்.

செலவைப் பொறுத்தவரை, 2007 முதல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் தயாரிப்பான ரெடிடக்ஸ் இருக்கிறது, பிறகு வேறு இந்தியக் கம்பெனிகளும் வந்துவிட்டன. மூல பிராண்டான மாப்தெராதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. மருந்து 100, 500 மில்லிகிராம் குப்பிகளாக வரும், அளவோ உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 375. அப்பாவின் கணக்கு 630 என்று வந்தால் 600ஆக வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறோம். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் விசாரித்துவிட்டு அப்புறம் கையிலிருந்து கட்டுங்கள்.

ஆறு தடவையும் முடிந்ததும் ரெண்டு மாதத்துக்கு ஒன்றாக ரெண்டு வருடம் ரிட்டுக்ஸிமாப் தொடரலாம் என்று சொல்லக்கூடும். நோய் திரும்புவது தள்ளிப்போகும், ஆனால் ஆயுளைக் கூட்டியதாக நிரூபணமில்லை, தொற்றும் கூடும். பெண்டாமஸ்டின் வாங்கியவருக்கு நான் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுவேன்.

கடைசியாக, மஞ்சள் காமாலை பி வைரஸ். எப்போதோ வந்து அடங்கிப்போய் ஈரலில் பதுங்கியிருக்கும் வைரஸ், ரிட்டுக்ஸிமாப் போட்டதும் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். ரத்தப் பரிசோதனையில் இப்போது வைரஸ் இருப்பதைக் காட்டும் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது, முன்பு வந்துபோனதையும் காட்டும் கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். இருந்தால் சிகிச்சையே கூடாது என்றில்லை, என்டகாவிர் போன்ற மாத்திரையோடு, கடைசி டோஸுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்துக்கொள்வார்கள். அந்த ரெண்டு ரிப்போர்ட்டும் கையில் வராமல் அப்பாவை முதல் டிரிப்புக்கு உட்கார வைக்காதீர்கள்.