பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவலை இன்னொருவரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: பத்து மாதமாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். அப்பா இறந்தபின் வீட்டை விற்க வரும் அக்கா, விற்க விடாத தம்பி, இதுதான் கதை. பன்னிரண்டு அத்தியாயம் தடையில்லாமல் வந்தது. பதின்மூன்றாவதில் இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டும். நான்கு மாதமாக அங்கேயே நிற்கிறேன். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர், தான் எடிட்டர் என்கிறார். மிச்சத்தை எழுதி முடித்து, புத்தகமாகவும் போட்டுத் தருவாராம். முன்பணமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்கிறார். ஆறு அத்தியாயங்களை அவருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடலாமா? எனக்குள் சரக்கு தீர்ந்துவிட்டதா? கதைச் சுருக்கமும் ஒப்பந்த நகலும் இணைத்துள்ளேன். (ஒரு வாசகி)

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். சரக்கு தீரவில்லை, அந்தக் கவலையை முதலில் விடுங்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக நாவல் பிரதிகளை எடிட் செய்வதுதான் என் வேலை. பாதியில் நின்றுபோனவைதான் என் மேசைக்கு அதிகம் வரும். அவற்றில் பல, உங்களுடையதைப் போலவே, இரண்டு பேர் உட்கார்ந்து உண்மையைப் பேசியே ஆக வேண்டிய காட்சியில் நின்றிருக்கும். இதற்கு மனத்தடை என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. அப்படிச் சொன்னதும் கோளாறு எழுதுகிறவரிடம் இருப்பதாக ஆகிவிடுகிறது. நான் பார்த்த வரையில் கோளாறு பிரதியில்தான் இருக்கும், அதுவும் நின்ற இடத்துக்கு நாலைந்து அத்தியாயம் முன்னால்.

உங்கள் கதைச் சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். அக்கா ஏன் வீட்டை விற்க வேண்டும் என்பதற்கு நான்கு காரணங்கள் இருக்கின்றன: கடன், மகளின் படிப்பு, ஒழுகும் கூரை, அந்த வீட்டில் அவள் பட்ட அவமானம். நான்கும் நம்பும்படியாக இருக்கின்றன. தம்பி என்ன செய்கிறான்? கத்துகிறான், கதவைச் சாத்துகிறான், பத்திரத்தை ஒளித்து வைக்கிறான். ஏன் விற்க விடமாட்டேன் என்கிறான் என்று சுருக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டு அத்தியாயம் வரை அது உறுத்தவில்லை, ஏனென்றால் அவன் பேச வேண்டியிருக்கவில்லை. பதின்மூன்றில் அக்கா கேட்கிறாள், அவன் பதில் சொல்ல வேண்டும். சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. அதனால் நீங்கள் நின்றுவிட்டீர்கள். சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். ஏதாவது ஒரு சண்டையை எழுதித் தாண்டிப் போயிருந்தால் நாவல் அங்கேயே செத்திருக்கும்.

ஒரு வேலை சொல்கிறேன். அப்பா இறந்த அன்று இரவைத் தம்பி தன் வாயால் சொல்வதாக மூன்று பக்கம் எழுதுங்கள். இது நாவலில் வராது, யாருக்கும் காட்ட வேண்டாம். ஒரே நிபந்தனை: அந்த மூன்று பக்கத்திலும் நியாயம் அவன் பக்கம் இருக்க வேண்டும். படித்து முடித்தபின் ‘அக்கா செய்வது தப்போ’ என்று உங்களுக்கே ஒரு நிமிடம் தோன்ற வேண்டும். தோன்றவில்லையென்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இப்படிப்பட்ட கதைகளில் எழுதுகிறவர் யாராவது ஒருவர் பக்கம் உட்கார்ந்துவிடுவார். அது மனித இயல்பு. ஆனால் எதிரில் இருப்பவருக்கும் ஒரு நாற்காலி போடாமல் உரையாடல் எழுத முடியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அக்கா ஒவ்வோர் அறையாகப் போய் உட்கார்ந்து பழையதை நினைக்கிறாள். எழுத்து நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நான்கு அத்தியாயத்திலும் அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஒரு தாளில் அத்தியாய எண்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள்: இதில் யார் எதை அடையப் பார்க்கிறார்? முடியும்போது என்ன மாறியிருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு ‘ஒன்றும் மாறவில்லை’ என்று தொடர்ந்து மூன்று இடத்தில் வந்தால், அங்கேதான் வண்டி வேகம் இழந்திருக்கிறது. அதில் ஓர் அத்தியாயமாவது போக வேண்டியிருக்கும். அழித்துவிடாதீர்கள், வேறு கோப்பில் எடுத்து வையுங்கள். வெட்டிய பக்கங்களிலிருந்து நாலு வரி பின்னால் எங்காவது கச்சிதமாக வந்து உட்காரும்.

இந்த நான்கு மாதத்தில் முதல் அத்தியாயத்தை எத்தனை முறை திருத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நிறைய முறை திருத்தியிருப்பீர்கள். இனி வேண்டாம். நாவல் முடியும்வரை முதல் அத்தியாயம் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியாது. முடிந்தபின் எப்படியும் அதை மாற்றப் போகிறீர்கள். தினமும் எழுத உட்காருவது சிரமமாக இருந்தால் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே தன் பழக்கமாகச் சொன்னது ஒன்று உண்டு: அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும். வற்றும்வரை இறைத்துவிட்டு எழுந்தால் மறுநாள் உட்காரவே பயமாக இருக்கும். அப்புறம், 80,000 சொல் இருந்தால்தான் நாவல் என்ற கணக்கு ஆங்கிலப் பதிப்புலகத்தில் புழங்குவது. ‘போகவேண்டியிருந்ததாம்’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு அங்கே ஐந்தாறு சொல் வேண்டும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தமிழில் எழுதுகிறவர் கலங்கத் தேவையில்லை.

சரி, அந்த மனிதர் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எடிட்டர் நாவலை முடித்துத் தரமாட்டார். முழுப் பிரதியைப் படித்து எங்கே தொய்கிறது, யார் பேச்சு ஒட்டவில்லை, எந்தக் காட்சி முன்னால் வர வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுப்பார். எழுதுவது நீங்கள்தான். அதற்கடுத்த வேலை மொழியைத் திருத்துவது. கடைசி வேலை மெய்ப்புப் பார்ப்பது, அதாவது எழுத்துப்பிழை, விடுபடல் பார்ப்பது. மூன்றும் மூன்று வேலை. மெய்ப்பு மட்டும் பார்த்துவிட்டு எடிட்டிங் என்று பணம் வாங்குகிறவர்கள் ஏராளம். யாரையாவது நம்ப வேண்டுமென்றால் முதல் பத்துப் பக்கத்தைக் கொடுத்துக் குறிப்பு கேளுங்கள். ‘அருமையான நடை, சில இடங்களில் மெருகேற்றலாம்’ என்று வந்தால் அவர் படிக்கவில்லை. ‘ஏழாம் பக்கத்தில் தம்பி உள்ளே வந்தான், எட்டாம் பக்கத்தில் மறுபடி உள்ளே வருகிறான்’ என்று வந்தால் படித்திருக்கிறார்.

‘மிச்சத்தை நானே எழுதிவிடுகிறேன்’ என்பதற்கு இப்போது இன்னொரு அர்த்தமும் வந்துவிட்டது. உங்கள் அத்தியாயங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு மீதியை எடுத்துத் தருவது. அப்படி முடிக்கப்பட்ட இரண்டு பிரதிகள் என்னிடம் வந்தன. எந்தப் பக்கத்தில் ஆள் மாறியது என்று கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. அதுவரை ஆளுக்கு ஒரு மாதிரி பேசியவர்கள் எல்லோரும் அதன்பின் ஒரே மாதிரி, முழு முழு வாக்கியத்தில், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பேசினார்கள். எழுதியவர்கள் இருவருமே அதைத் திரும்பப் படிக்க முடியாமல் என்னிடம் அழுதார்கள்.

உங்கள் நிலைமையைப் பார்த்ததும் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கிதான் நினைவுக்கு வந்தார். கடன் நெருக்கியபோது, 1865-இல், ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1-க்குள் ஒரு புதிய நாவல் கொடுக்காவிட்டால், அடுத்த ஒன்பது வருடம் அவர் எழுதுவதையெல்லாம் காசு கொடுக்காமல் வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கையில் ஒரு பக்கம்கூட இல்லை. நண்பர்கள் பதறிப்போய், ஆளுக்கு ஒரு பகுதியாக நாங்கள் எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்; பிறர் எழுதியதில் தன் பெயரைப் போடமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். சுருக்கெழுத்துத் தெரிந்த அன்னா என்ற இளம்பெண்ணை வைத்துக்கொண்டு, 26 நாளில் ‘சூதாடி’ நாவலைச் சொல்லி எழுதவைத்து முடித்தார். பிரதியைக் கொண்டுபோனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கித்தான் தப்பித்தார். எழுதுகிறவரின் அவசரத்தை மோப்பம் பிடித்து ஒப்பந்தம் நீட்டுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். அவருக்காவது தலைக்குமேல் கடன் இருந்தது. உங்களுக்குக் கெடு வைத்தவர் யார்?

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் ஐந்தாம் பத்தியைப் பாருங்கள்: ‘எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’. பதிப்புரிமைக் காலம் என்றால் உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு குறைந்தது 50 வருடமும் என்று பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தம் சொல்கிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. பல நாடுகளில் காலம் இன்னும் கூடுதல். பாதி எழுதிய நாவலை உங்கள் பேரக்குழந்தைகள் காலம்வரை ஒருவரிடம் கொடுக்கிறீர்கள், அதற்குப் பணமும் நீங்களே கட்டுகிறீர்கள். ஏழாம் பத்தி, அடுத்த படைப்பையும் அவரிடமே முதலில் காட்ட வேண்டும் என்கிறது. ஒன்பதாம் பத்தியில் ராயல்டி, அதாவது விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கு, பத்து சதவீதம் என்று இருக்கிறது, ஆனால் ‘நிகர வருமானத்தில்’. விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கழிவு 40 போனால் மிச்சம் 60. உங்களுக்கு வருவது அதில் பத்தில் ஒன்று, அதாவது 6. செலவு என்று இன்னும் எதையெதைக் கழிப்பார் என்று எங்குமே எழுதவில்லை. புத்தகம் இருப்பில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்பும் என்ற பத்தியும் இல்லை. அது இல்லாத ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த இடைத்தரகர்கள் பிழைப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முறையான பதிப்பகத்துக்குப் பிரதி அனுப்பிவிட்டு எட்டு மாதம், ஒரு வருடம் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு வரி பதில் போட எத்தனை நிமிடம் ஆகும்? ‘எங்களுக்குச் சரிவராது’ என்றாவது சொல்லலாமே! என் சொந்தக் கதைத்தொகுப்பு ஒன்றுக்கு ஆறு வருடம் கணக்கே வரவில்லை. கேட்டால் ‘அடுத்த மாதம்’ என்பார்கள். இந்த மௌனத்தில் வெந்துபோனவரிடம் ஒருவர் வந்து ‘உங்கள் நாவலை நான் படித்தேன்’ என்றால் யாருக்கும் கண் கலங்கத்தான் செய்யும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பணம் கொடுத்துப் புத்தகம் போடவே கூடாதா என்றால், ஒரே ஓர் இடத்தில் போடலாம். நாவலை நீங்கள் முடித்துவிட்டீர்கள், உங்களுக்குத் திருப்தி, விற்பனைக் கனவு இல்லை, வேண்டியவர்கள் கையில் புத்தகமாக இருந்தால் போதும் என்று முடிவு செய்கிறீர்கள். அப்போது நீங்கள் வாங்குவது அச்சு வேலை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுவது போல. வெள்ளையடித்தவருக்குக் கூலி உண்டு, வீட்டில் பங்கு இல்லை. எனவே அச்சடிக்கிறவரிடம் எந்த உரிமையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. எத்தனை பிரதி, என்ன தாள், எத்தனை பக்கம், எப்போது கைக்கு வரும் என்பது மட்டும் எழுத்தில் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் கோப்பும் அட்டைப்படக் கோப்பும் வேலை முடிந்ததும் உங்களிடம் வந்துவிட வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கோப்பைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, மறுபதிப்புக்கு மறுபடி முழுப் பணம் கேட்பது வழக்கமாகிவிட்டது. முன்பணமாக மொத்தத்தையும் கொடுக்காதீர்கள். பாதி முதலில், மீதி பிரதிகளை எண்ணி வாங்கியபின். இப்படி ஒருவர் ஒத்துக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள், அவர் நாணயமான அச்சகக்காரர். ஆனால் உங்கள் நாவல் இன்னும் முடியவில்லை, ஆகவே இந்த வழி இன்றைக்கு உங்களுக்குத் திறக்காது.

உங்களிடம் முன்பணம் கேட்கும் அந்த மனிதர், செய்து தருவதாகப் போட்டிருக்கும் பட்டியலில் உள்ள ‘பதிப்புரிமைப் பதிவு’, ‘ஐ.எஸ்.பி.என்.’ இரண்டையும் பார்த்து மயங்க வேண்டாம். எழுதிய கணமே உரிமை உங்களுடையது, அது பிறக்க எந்தப் பதிவும் தேவையில்லை. ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தை அடையாளம் காண உதவும் 13 இலக்க எண், அவ்வளவுதான். அது யாருக்கும் உரிமை தராது. ‘அக்கா, தம்பி, விற்க வேண்டிய வீடு’ என்ற கருவை யாரும் எடுக்கலாம், அதைத் தடுக்க வழியில்லை. உங்கள் வாக்கியங்களை எடுக்க முடியாது.

அவரிடம் போய்விட்ட ஆறு அத்தியாயங்களுக்காக இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், பேசினால் இனிக்க இனிக்கப் பேசி உங்களைச் சம்மதிக்க வைத்துவிடுவார். இந்தத் தேதியில் இந்த ஆறு அத்தியாயங்களை வாசிப்புக்காக மட்டும் அனுப்பினேன், எந்த உரிமையும் தரவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதில்லை, கோப்புகளை அழித்துவிட்டுப் பதில் அனுப்புங்கள். நான்கு வரி போதும். பதில் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள். அனுப்பிவிட்டு, தம்பியின் மூன்று பக்கத்துக்கு உட்காருங்கள்.