மெலாஞ்சர் வாங்கும் முன் ஆலோசகருக்குக் கட்டணம் தரலாமா?

வணக்கம். பொள்ளாச்சியில் உங்கள் தோப்பில் விளையும் கொக்கோவிலிருந்து சாக்லேட் செய்ய 40 கிலோ கொள்ளளவுள்ள மெலாஞ்சருக்கு (கொக்கோவைக் கல் உருளைகளால் அரைக்கும் இயந்திரம்) முன்பணம் கொடுக்கவிருப்பதாகவும், அதற்குமுன் ஆலோசகருக்குப் பணம் தருவது வீண் செலவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக வீண் செலவல்ல. ஆனால் அவர் இயந்திரம் விற்பவரிடம் தரகு பெறாதவராக இருக்க வேண்டும்.

கொக்கோவைச் சுமார் 20 மைக்ரான் நுண்மைக்கு அரைக்கக் கல் உருளைகள் பெரும்பாலும் ஒரு நாளுக்கும் மேல் இடைவிடாமல் ஓட வேண்டியிருப்பதால், மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையே அவரிடம் முதலில் கேளுங்கள். என் பட்டறையில் ஒருமுறை இரவில் மின்சாரம் போய், காலையில் பார்த்தபோது உருளைகள் இறுகிய சாக்லேட்டுக்குள் அசையாமல் புதைந்திருந்தன. சூடேற்றி இளக்காமல் பொத்தானை அழுத்தியதில் மோட்டார் கருகிவிட்டது. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஆலோசகரை உங்கள் இடத்துக்கே வரவழைத்து மின் இணைப்பையும் அறையின் ஈரப்பதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 35 டிகிரி வெப்பமுள்ள அறையில், எவ்வளவு நல்ல இயந்திரத்தில் டெம்பர் செய்தாலும் (உருக்கிய சாக்லேட்டை அளவாக ஆற்றிப் பதப்படுத்தினாலும்), சாக்லேட் அச்சில் உறையாது. எனவே குளிர்சாதன வசதிக்கே முதல் செலவு தேவைப்படலாம். கோவையில் மாவு கிரைண்டரின் வழிவந்த சிறிய மெலாஞ்சர்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றில் உங்கள் கொட்டையையே அவர் முன்னிலையில் வறுத்து, தோல் நீக்கி, அரைத்துப் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.