பீரோ உடைந்த பிறகு

கேள்வி: உறவினர் திருமணத்துக்காக ஆரணிக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. பீரோவில் இருந்த 11 சவரன் நகையும் 40 ஆயிரம் ரூபாயும் இல்லை. காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டுமே தந்தார்கள். வீட்டுக் கடனோடு எடுத்த காப்பீட்டில் பணம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: காப்பீட்டை நம்பியிருக்கிறீர்கள், அம்மா. பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அது 'பாரத் கிருஹ ரக்ஷா' வகை என்றால், தீ, வெள்ளம் போன்ற விபத்து நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் பணம் தருவார்கள். பூட்டை உடைத்த திருட்டு அதில் சேராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். பிரீமியம் கட்டும் நாளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மனு ரசீது வழக்கு ஆகாது. வீட்டை உடைத்துத் திருடுவது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம். இரவில் நடந்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 331ஆவது பிரிவின்படி 14 ஆண்டுவரை சிறை. இத்தகைய புகாருக்கு முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. இன்னும் தயங்கினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லையா, குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம். அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம்.

புகாரில் '11 சவரன் நகை' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஆரம் எத்தனை கிராம், தோட்டில் என்ன கல், வளையலில் எங்கே ஒடுக்கு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பில் இல்லையென்றால் திருமண ஆல்பம் இருக்கிறதே, அதையும் இணையுங்கள். நகை மீட்கப்பட்டால், உங்களுடையதுதான் என்று காட்ட இவையே துணை. வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். படமெடுத்து, மகஜர் (நகையின் விவரத்தைக் குறிக்கும் பதிவு) எழுதி, பிணைப்பத்திரம் பெற்று உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது.

நகை திரும்பினால் லாக்கரில் வையுங்கள். வங்கியின் அலட்சியத்தால் அங்கே திருட்டு நடந்தால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான் பொறுப்பு. 2,000 ரூபாய் வாடகைக்கு 2 லட்சம். 11 சவரனுக்கு அது எம்மாத்திரம்! ஆனாலும் பின்கதவுத் தாழ்ப்பாளை நம்புவதைவிட அது மேல். வெளியூர் போகுமுன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்தின்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்குச் செலவு ஒரு தாள்.

பெயர்ந்த தாழ்ப்பாளை மட்டும் இப்போது மாற்றிவிடாதீர்கள். கைரேகையும் படமும் எடுத்தாகிவிட்டதா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுவிட்டு ஆசாரியை அழையுங்கள்.