மீதி 98 சதவீதத்தை யார் கேக்கறது?

கேள்வி: எங்க ஊர் அரசுப் பள்ளிக்கு ஒரு கம்பெனி பெஞ்சு வாங்கிக் குடுத்தாங்க, பெஞ்சைவிட அதுல இருக்கற லோகோதான் பெருசா தெரியுது. இதெல்லாம் மனசு வந்து குடுக்கறதா, இல்ல சட்டமா சார்?
- கரூர் வாசகர்

பதில்: மனசும் இருக்கலாம், ஆனா சட்டம் கண்டிப்பா இருக்கு. 2013 கம்பெனிச் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டுட்டா போதும், முந்தின 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சிஎஸ்ஆர்ல, அதாவது கம்பெனியோட சமூகப் பொறுப்புக் கணக்குல, செலவு பண்ணியே ஆகணும். சராசரி லாபம் 40 கோடின்னா 80 லட்சம். 2014 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. ஆரம்பத்துல செலவு பண்ணலேன்னா ஏன் பண்ணலேன்னு காரணம் எழுதினா போதும்னு விட்டிருந்தாங்க, 2021ல அந்தக் கதவையும் மூடிட்டாங்க, இப்ப மிச்சப் பணத்தை தனி அக்கவுண்ட்லயோ அரசு சொன்ன நிதியிலயோ போட்டாகணும், இல்லேன்னா அபராதம். அதனால அடுத்த தடவை விழா எடுத்து பொன்னாடை போர்த்தறப்ப கொஞ்சம் சின்ன பொன்னாடையா பாத்து வாங்குங்க.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில வேலை பாக்கறேன். சாயத்தண்ணியை சுத்தம் பண்ற செலவையும் சிஎஸ்ஆர்னு கணக்கு எழுத முடியுமா? அப்படி முடிஞ்சா ஆத்தையாவது ஒழுங்கா வெச்சிருப்பாங்களே?
- திருப்பூர் வாசகர்

பதில்: முடியாது. வேற சட்டப்படி செஞ்சே தீர வேண்டிய வேலையை சிஎஸ்ஆர்ல காட்டக் கூடாதுன்னு விதியே இருக்கு, அது சரியான விதிதான், என் வீட்டுக் குப்பையை நானே அள்ளிட்டு தானம் பண்ணேன்னு சொல்ல முடியாதில்ல.

உங்க ஊர் நொய்யல் ஆத்துக் கதை உங்களுக்குத் தெரியாததா? பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியா மாறிப்போச்சு, அதுக்குக் கீழ இருந்த விவசாயிங்க கிணத்துல உப்பு ஏறி வாயில வைக்க முடியாமப் போச்சு. கோர்ட்டுக்குப் போனது அந்த விவசாயிங்கதான். 2011 ஜனவரியில சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுன்னு உத்தரவு போட்டப்பதான் ஊரே ஆடிப்போச்சு. ஒரு சொட்டு கழிவும் வெளிய போகக்கூடாதுங்கற ஏற்பாட்டோட வந்தாதான் மறுபடி ஓட்ட முடியும்னு ஆச்சு. அது லேசான காரியம் இல்ல, ஆர்.ஓ.வுல விட்டு தண்ணியை எடுத்து திரும்ப சாயத்துக்கே விடணும், மிச்சத்தை பாய்லர் வெச்சு காய்ச்சி உப்பை எடுக்கணும், எடுத்த உப்புலயும் நல்லதை மறுபடி சாயத்துக்குப் போட்டுக்கலாம், ஒண்ணுக்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையா ஷெட்ல குவியும், கரண்டு பில்லு தனி. ஆனாலும் செஞ்சாங்க. அப்ப சிஎஸ்ஆர் சட்டமே வரல பாருங்க. செய்ய வெச்சது கோர்ட்டும், கேஸை விடாம நடத்தின விவசாயிங்களும்தான்.

என் கருத்தைக் கேட்டா, 2 சதவீதத்துல என்ன செஞ்சாங்கன்னு பாக்கறதைவிட அந்த லாபம் எப்படி வந்துச்சுன்னு பாக்கறதுதான் முக்கியம். ஆத்தைக் கெடுத்து சம்பாதிச்சதுல மரக்கன்னு நடறதுக்கு பேரு பொறுப்பு இல்ல.

கேள்வி: வெளிநாட்டுத் துணி பிராண்டுகள் தைக்கிற ஃபேக்டரி ஒழுங்கா இருக்கான்னு பாக்க ஆடிட் அனுப்பறாங்களே, அப்புறம் எப்படி ராணா பிளாசா நடந்துச்சு?
- கல்லூரி மாணவி, சென்னை

பதில்: பங்களாதேஷ்ல டாக்கா பக்கத்துல சாவர்ங்கற ஊர், 2013 ஏப்ரல் 24. முந்தின நாளே ராணா பிளாசாங்கற அந்த 8 மாடிக் கட்டடத்துல விரிசல் விட்டிருந்துச்சு. கீழ இருந்த பேங்க் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மேல தைக்கிற பொண்ணுங்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னாங்க. கட்டடம் இடிஞ்சு விழுந்து 1100 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அங்க இருந்த சில ஃபேக்டரிகள்ல ஆடிட் நடந்துதான் இருந்துச்சு, ஆனா ஆடிட் லிஸ்ட்ல தூண் தாங்குமான்னு ஒரு கேள்வி இல்ல. அப்புறம்தான் தொழிற்சங்கங்களும் 200க்கு மேல பிராண்டுகளும் சேர்ந்து அக்கார்டுன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, மீறினா சட்டப்படி இழுக்கலாம், இன்ஜினியர் வந்து பாத்து ரிப்போர்ட்டை வெளியிடுவாரு. அதுக்கப்புறம் நெஜமாவே நிறைய கட்டடத்தை சரி பண்ணாங்க. ஆனா ஒரு பீஸுக்கு பையர், அதாவது வாங்கற பிராண்டு, குடுக்கற விலையில யாரும் கை வெக்கல, பாதுகாப்பும் வேணும் போன வருஷத்தைவிட 5 சென்ட் குறைச்சலாவும் வேணும்னா அது எங்கதான் இடிக்கும்? தைக்கிறவங்க கூலியிலதான்.

கேள்வி: எங்க பஞ்சாயத்துக்கு கழிப்பறை கட்ட சிஎஸ்ஆர் பணம் எப்படிக் கேக்கறது?
- அரியலூர் வாசகர்

பதில்: முதல்ல உங்க பக்கத்துல இருக்கற கம்பெனி எது எதுன்னு பாருங்க, தான் இயங்கற பகுதிக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு, மனுவுல அதை மறக்காம சொல்லுங்க. சிஎஸ்ஆர் கொள்கையும் திட்டங்களும் அவங்க வெப்சைட்ல இருந்தாகணும். போன வருஷம் எதுக்கு செலவு பண்ணாங்கன்னு ஆண்டறிக்கையில பாத்துட்டு போங்க, சும்மா கை வீசிட்டு போகாதீங்க. அறக்கட்டளை மூலமா வாங்கறதா இருந்தா அது சிஎஸ்ஆர் பணம் வாங்கி வேலை செய்ய அரசுகிட்ட பண்ணிக்கற சிஎஸ்ஆர்-1 பதிவு வெச்சிருக்கான்னு கேளுங்க. மார்ச் கடைசியில போனா வேலைக்கு ஆகாது, பட்ஜெட் போடற நேரத்துலயே போங்க. முக்கியமா கட்டினதுக்கப்புறம் தண்ணிக்கும் சுத்தம் பண்ற ஆளுக்கும் யார் காசு குடுக்கறதுன்னு எழுதி வாங்கிடுங்க, பூட்டிக் கெடக்கற சிஎஸ்ஆர் கழிப்பறை ஏற்கனவே நிறைய பாத்தாச்சு.