மறியலில் கைதானதைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதலாமா?

மதுரையைச் சேர்ந்த வாசகர் ஒருவர் கட்சி மாணவரணியில் பல ஆண்டுகள் தொண்டாற்றியவர். இப்போது அமெரிக்காவில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். அந்தப் பணிக்குச் சான்றுக் கடிதம் தர ஒன்றியச் செயலாளர் மறுக்கிறார் என்றும், அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நினைப்பதாகவும் வருந்தி எழுதியிருக்கிறார். 2023இல் மறியலில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டதை விண்ணப்பக் கட்டுரையில் குறிப்பிடலாமா என்றும் கேட்கிறார்.

சான்றுக் கடிதம் தர வேண்டிய சட்டக் கடமை ஒன்றியச் செயலாளருக்கு இல்லை. நோட்டீஸ் அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டு அவரோடு சமாதானமாகப் போய்விடுங்கள். உங்கள் பணியை நேரில் அறிந்த பேராசிரியர் ஒருவரின் கடிதமே போதும். அன்று உங்கள் பெயரில் முதல் தகவல் அறிக்கை பதிவானதா, ஆகியிருந்தால் வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் வழக்கே இல்லை என்று நம்பியிருந்து, பின்னால் சம்மன் வந்ததும் திகைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர், தொல்லை தீரட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுகிறார்கள். தொகை எவ்வளவு சிறியதாயினும் அது தண்டனைதான். அதன் பின் கேட்கும் இடங்களிலெல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து அந்த அவசரத்துக்கு ஆளாகாதீர்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு அலுவலரின் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்) பிரிவுகள் மட்டுமே என்றால், ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத நிலையில் காலவரம்பு உங்களுக்குத் துணை நிற்கும். 188க்கு உரிய அலுவலரின் எழுத்துமூலப் புகார் வேண்டும் என்பதையும், காவல்துறை தானாக அதில் வழக்குப் பதிய முடியாது என்பதையும் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. எனவே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 528ஆவது பிரிவின்கீழ், வழக்கை ரத்து செய்யுமாறு உயர் நீதிமன்றத்தில் கோருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து விசா படிவத்தில் இருக்கிறது. கட்டுரையில் கைதைப் பெருமையோடு விவரித்துவிட்டு, எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று அமெரிக்க விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160இல் வரும் கேள்விக்கு விசா முகவர் 'இல்லை' என்று குறிப்பதை அனுமதித்தால், உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். மறியல் கைது பெரும்பாலும் விசா மறுப்புக்குக் காரணமாவதில்லை. ஆனால் முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மறைத்ததாக அதிகாரி முடிவுசெய்தால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின்படி அது வாழ்நாள் தடை, விலக்கு பெறுவதும் எளிதல்ல. கட்சியில் வகிக்காத பொறுப்பை வகித்ததாக எழுதுவதும் வேண்டாம்.

மறியலைக் கட்டுரையில் எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். படிவத்தில் 'ஆம்' என்று குறித்து, நடந்ததைச் சுருக்கமாக விளக்கி, ரத்து ஆணை கிடைத்திருந்தால் அதன் சான்றிட்ட நகலை நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.